ஒரு மில்லிமீட்டருக்கு ஐந்து டன்: ஸ்பேஸ் ஃபிரேம் மெம்பரைத் தேர்ந்தெடுத்துச் செய்யும் வழி

சிங்கப்பூரில், துவாஸிலோ சுங்கை காடுட்டிலோ ஒரு ஸ்டீல் யார்டில் புதிதாகச் சேர்ந்து, முதல் தடவையாக ஸ்பேஸ் ஃபிரேம் (குழாய்களை உருண்டை முடிச்சுகளில் கோத்துச் செய்யும் முப்பரிமாண வலை) டிராயிங்கைக் கையில் வாங்கும் நம் ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். ஊரில் ஐடிஐ முடித்து ஃபிட்டராக வந்தவராக இருக்கலாம், டிப்ளமோ படித்துவிட்டு சூப்பர்வைசர் வேலைக்கு வந்தவராக இருக்கலாம். பீம், காலம் என்று கனமான வேலையில் கை பழகியவர்களுக்கு இது விளையாட்டுச் சாமான் மாதிரித் தெரியும். சின்னக் குழாய், சின்ன போல்ட், ஒரே ஆள் தோளில் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அந்த எண்ணத்தோடு தொடங்குவதால்தான் கை தவறுகிறது.

அதனால் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு கணக்கு. 3 மீட்டர் மெம்பர் ஒன்று, அதாவது அந்த வலையின் ஒரு குழாய், 1 மி.மீ. கூடுதல் நீளத்தோடு சைட்டுக்குப் போகிறது. முடிச்சுகளாக இருக்கும் இரண்டு பந்துகளுக்கு நடுவே அதை ஜாக்கி வைத்து விலக்கியோ சுத்தியலால் தட்டியோ நுழைத்துவிடுகிறார்கள். பந்துகள் அசையவில்லை என்றால் அந்த 1 மி.மீ.யைக் குழாய்தான் சுருங்கி ஏற்க வேண்டும். 3000-ல் 1 பங்கு சுருக்கம். எஃகின் மீள்மை எண் சதுர மில்லிமீட்டருக்கு 210,000 நியூட்டன். பெருக்கினால் சதுர மில்லிமீட்டருக்கு 70 நியூட்டன் தகைவு. 76.1 மி.மீ. விட்டமும் 3.2 மி.மீ. கனமும் உள்ள குழாயில் எஃகின் பரப்பு 733 சதுர மி.மீ. ஆக மொத்தம் 51 கிலோநியூட்டன். நம் பேச்சில் 5 டன். கூரை ஷீட் இன்னும் லாரியை விட்டு இறங்கவில்லை, காற்று அடிக்கவில்லை, அதற்குள் மெம்பருக்குள் 5 டன் ஏறி உட்கார்ந்துவிட்டது. சுற்றியுள்ள மெம்பர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்பதால் நடைமுறையில் முழு 5 டன்னும் ஏறாது. ஆனால் விட்டுக்கொடுத்த மெம்பர்களுக்குள் அந்த மிச்சம் போய்ச் சேரும். எங்கும் காணாமல் போகாது.

இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் ஏன் என்று புரியும். யார்டில் முடிச்சை ‘பால்’ என்பார்கள். நான் பந்து என்றே எழுதுகிறேன்.

விசை போகும் வழி

ஸ்பேஸ் ஃபிரேமில் மெம்பருக்கு இரண்டே வேலை: இழுபடுவது, அமுக்கப்படுவது. வளைவது அதன் வேலை அல்ல. இரண்டு அடுக்கு வலை ஒன்றைத் தூண்கள் மேல் வைத்தால், கூரையின் எடைக்கு மேல் வரிசை அமுக்கத்திலும் கீழ் வரிசை இழுவையிலும் இருக்கும். நடுவில் உள்ள சாய்வு மெம்பர்கள் இடத்துக்கு இடம் மாறும். தூணுக்குப் பக்கத்தில் உள்ளவைதான் அதிகம் வாங்கும்.

அப்படியானால் கீழ் வரிசைக்கு ஒல்லியான குழாய் போதும் என்று தோன்றும். போதாது. சிங்கப்பூரில் விடியற்காலையில் திடீரென்று கிளம்பி வரும் சுமத்ரா காற்றைப் பார்த்திருப்பீர்கள். பக்கச் சுவர் இல்லாத கூரைக்கு அடியில் அந்தக் காற்று புகுந்தால் கூரையை மேலே தூக்கும். அந்த நேரத்தில் எல்லாம் தலைகீழ்: கீழ் வரிசை அமுக்கத்துக்கு வந்துவிடும். ஒவ்வொரு மெம்பருக்கும் இழுவை ஒன்று, அமுக்கம் ஒன்று என்று கணக்குப் பட்டியலில் இரண்டு எண்கள் இருப்பது இதனால்தான். ஒன்றை மட்டும் பார்த்துக் குழாயை மாற்றலாமா என்று கேட்கும் ஸ்டோர்காரருக்கு ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குழாயைத் தேர்ந்தெடுப்பது

கையில் ஒரு பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்து இரண்டு முனையையும் உள்ளங்கைகளால் அமுக்கிப் பாருங்கள். உடையாது, நசுங்காது, பக்கவாட்டில் வில் மாதிரி வளைந்து நழுவும். அதுதான் பக்லிங். அமுக்கத்தில் உள்ள நீள மெம்பர் தோற்பது பெரும்பாலும் இப்படித்தான். நீளம் இரண்டு மடங்கானால் இந்த வளைவுக்கு எதிரான பலம் நாலில் ஒரு பங்காகிவிடும் என்பது 18-ஆம் நூற்றாண்டில் ஆய்லர் கண்ட கணக்கு. இன்றும் எல்லாக் குறியீட்டு நூல்களுக்கும் அடியில் இருப்பது அதுவே.

இரண்டு குழாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று 60.3 விட்டம், 4 கனம். இன்னொன்று 76.1 விட்டம், 3.2 கனம். மீட்டருக்கு எடை முதலாவது 5.55 கிலோ, இரண்டாவது 5.75 கிலோ. (விட்டத்திலிருந்து கனத்தைக் கழித்து, கனத்தால் பெருக்கி, 0.02466 ஆல் பெருக்கினால் மீட்டர் எடை வந்துவிடும். இந்தச் சூத்திரத்தைத் தலைக்கவசத்துக்குள் எழுதி ஒட்டிக்கொள்ளலாம், தினமும் உதவும்.) எஸ்355 தரத்தில் (சதுர மி.மீ.க்கு 355 நியூட்டன் வலிமை உள்ள எஃகு) இழுவைக்கு முதலாவது 251, இரண்டாவது 260 கிலோநியூட்டன். கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் 3 மீட்டர் நீளத்தில் அமுக்கத்துக்கு? குளிர்முறையில் வளைத்துச் செய்த குழாய்க்கு எஃகுக் கட்டமைப்புக்கான ஐரோப்பியக் குறியீட்டு நூலான யூரோகோடு 3-இன்படி போட்டுப் பார்த்தால் முதலாவது 51, இரண்டாவது 80. ஒரே காசு கொடுத்து வாங்கிய எஃகு, அகலமாக விரித்து வைத்ததால் ஒன்றரை மடங்குக்கு மேல் தாங்குகிறது.

இதிலிருந்து இன்னொன்றும் தெரிய வேண்டும். அதே 76.1 குழாயை எஸ்355-க்குப் பதில் எஸ்235 தரத்தில் வாங்கினால் இழுவைத் திறன் 260-லிருந்து 172-க்கு விழுந்துவிடும். அமுக்கத் திறனோ 80-லிருந்து 72-க்குத்தான் இறங்கும். ஏனென்றால் எல்லா எஃகுக்கும் மீள்மை எண் ஒன்றே. பக்லிங் பார்ப்பது அதைத்தான். ‘ஸ்ட்ராங் ஸ்டீல் போட்டால் சரியாகிவிடும்’ என்பது நீளமான அமுக்க மெம்பருக்குப் பொருந்தாது. விட்டத்தைக் கூட்டுங்கள், இல்லை நீளத்தைக் குறையுங்கள்.

வெட்டுமுகத்தின் வடிவத்தைத் தப்பாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு ஹார்ட்ஃபர்டு அரங்கைச் சொல்லாமல் இருக்க முடியாது. அமெரிக்காவில், 91-க்கு 110 மீட்டர் அளவுள்ள ஸ்பேஸ் ஃபிரேம் கூரை. 1978 ஜனவரி 18 அதிகாலையில், பனிப் பாரத்தோடு அப்படியே கீழே வந்தது. சில மணி நேரத்துக்கு முன்புதான் கூடைப்பந்து ஆட்டம் பார்த்த 5000 பேர் வெளியே போயிருந்தார்கள், யாரும் இறக்கவில்லை. அந்தக் கூரையின் மெம்பர்கள் குழாய்கள் அல்ல, நாலு ஆங்கிள்களைச் சிலுவை மாதிரி முதுகோடு முதுகு சேர்த்தவை. எஃகு எல்லாம் நடுவில் குவிந்திருப்பதால் பக்லிங்குக்கும் முறுக்கத்துக்கும் அந்த வடிவம் பலவீனம். நடுவில் அவற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டிய தாங்கல்களும் கணக்கில் நினைத்த மாதிரிப் பிடிக்கவில்லை. கட்டும்போதே கூரை, கணக்கு சொன்னதைப் போல இரண்டு மடங்கு தொய்ந்திருக்கிறது. பார்த்தவர்கள் இருந்தார்கள், நிறுத்தவில்லை. வட்டக் குழாய்க்கு எல்லாப் பக்கமும் ஒரே விறைப்பு, முறுக்கத்துக்கும் நன்றாக நிற்கும். ஸ்பேஸ் ஃபிரேமுக்குக் குழாயே முதல் தேர்வு என்று நான் சொல்வதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம்.

சரி, எத்தனை அளவுகள் வைத்துக்கொள்வது? கம்ப்யூட்டரை அதன் போக்கில் விட்டால் ஒவ்வொரு மெம்பருக்கும் ஒரு அளவு கொடுத்து எடையைக் கடைசி கிலோ வரை குறைத்துக் கொடுக்கும். யார்டில் அது தலைவலி. 5, 6 அளவோடு நிறுத்திக்கொள்ளச் சொல்லி இன்ஜினியரிடம் பேசுங்கள். அதைவிட முக்கியம்: ஒரு விட்டத்துக்கு ஒரே கனம். 76.1-ல் 3.2-உம் 4-உம் ஒரே யார்டில் கிடந்தால், பிரைமர் அடித்த பிறகு இரண்டையும் கண்ணால் பிரிக்க முடியாது. கனமானது மெலிந்ததின் இடத்துக்குப் போனால் பரவாயில்லை, மாறி நடந்தால்? எடையில் மிச்சம் பிடித்த காசை ஒரே ஒரு கலப்படம் விழுங்கிவிடும்.

காகிதத்தைப் பார்த்த பிறகு குழாய்

சிங்கப்பூரில் 2015 ஏப்ரல் முதல் கட்டமைப்புக் கணக்கு யூரோகோடுப்படிதான். குழாய் எங்கிருந்து வந்தாலும் அதன் மில் சர்டிபிகேட் (எஃகு ஆலை தரும் தரச் சான்றிதழ்), கட்டடக் கட்டுமான ஆணையத்தின் பிசி 1 வழிகாட்டியோடு ஒத்துப்போக வேண்டும். புதியவர்கள் இந்தக் காகிதத்தை ஆபீஸ் வேலை என்று ஒதுக்கிவிடுவார்கள். ஆனால் பாருங்கள்: எங்கே செய்தது, என்ன தரம் என்று நிரூபிக்க முடியாத எஃகு, அந்த வழிகாட்டியில் 3-ஆம் வகைக்குப் போய்விடும். அதற்குக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் வலிமை சதுர மி.மீ.க்கு 170 நியூட்டன் மட்டுமே. 355 தரத்துக்குக் காசு கொடுத்து வாங்கிய குழாய், காகிதம் தொலைந்தால் பாதி எஃகாகிவிடுகிறது.

குழாய் இறங்கும்போது மூன்று விஷயம். ஒன்று, குழாயில் அச்சடித்த ஹீட் நம்பர் (எஃகை உருக்கிய தொகுதியின் எண்) சர்டிபிகேட்டில் இருக்கிறதா. இரண்டு, சர்டிபிகேட்டில் இஎன் 10210 என்று போட்டிருக்கிறதா, இஎன் 10219 என்று போட்டிருக்கிறதா. முன்னது சூட்டில் முடித்தது, பின்னது குளிரில் வளைத்தது. வெளியில் பார்க்க ஒன்றுபோல இருக்கும். ஆனால் மேலே சொன்ன 76.1 குழாய், சூட்டில் முடித்ததாக இருந்தால் 95 கிலோநியூட்டன் தாங்கும், குளிரில் வளைத்ததாக இருந்தால் 80. டிராயிங்கில் கேட்டது 10210 என்றால் 10219-ஐ இறக்க விடாதீர்கள். மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் கணக்குக்குப் பொறுப்பேற்ற பி.இ. (பதிவு பெற்ற பொறியாளர்) எழுத்தில் ஒத்துக்கொள்ள வேண்டும். மூன்று, கனத்தை நீங்களே காலிப்பரால் நாலு இடத்தில் அளங்கள். முனையில் பிசிர் இருந்தால் முதலில் தேய்த்துவிட்டு அளங்கள்.

குழாயை வெட்டிய உடனே மிச்சத் துண்டில் ஹீட் நம்பரை எழுதிவிட்டுத்தான் அடுத்த வெட்டு. அப்புறம் எழுதலாம் என்று வைத்த துண்டுக்கு அப்புறம் பெயரே இருக்காது.

வெட்டும் நீளம்

இந்தப் படியில்தான் நான் அதிக நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

டிராயிங்கில் உள்ள நீளம் பந்தின் நடுப்புள்ளியிலிருந்து அடுத்த பந்தின் நடுப்புள்ளி வரை. குழாய் அவ்வளவு நீளம் கிடையாது. நடுவில் பந்தின் முகம், போல்ட்டைச் சுற்றியுள்ள ஆறுமுக உறையான ஸ்லீவ், குழாய் முனையில் வெல்டு செய்யும் கூம்பு வடிவக் கோன், வெல்டுக்கான இடைவெளி என்று இரண்டு பக்கமும் கழிய வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். நடுவிலிருந்து நடு 3000. பந்து 120 விட்டம், அதில் முகம் சீவியிருப்பதால் நடுவிலிருந்து முகம் வரை 57. ஸ்லீவ் 35. கோன் 60. வெல்டு இடைவெளி 2. ஒரு பக்கம் 154, இரண்டு பக்கம் 308. ஆக 2692. உங்கள் வேலையில் இந்த எண்கள் வேறாக இருக்கும். பந்து செய்து தருபவரின் அட்டவணையிலிருந்து எடுங்கள். பந்தின் ஆரத்தை அப்படியே 60 என்று கழித்துவிடுவது புதியவர்கள் செய்யும் தப்பு. சீவிய முகத்தை மறந்தால் ஒரு மெம்பருக்கு 6 மி.மீ. போய்விடும்.

இன்னும் முடியவில்லை. வெல்டு ஆறும்போது சுருங்கும். எவ்வளவு என்பது குழாயின் கனம், இடைவெளி, கரண்ட், வெல்டரின் கை எல்லாவற்றையும் பொறுத்தது. புத்தகத்தில் தேடாதீர்கள். அதே குழாய், அதே கோன், அதே வெல்டர், அதே மெஷின் வைத்து 5 மெம்பர் செய்து, முழுக்க ஆறிய பிறகு அளந்து, சராசரி எடுங்கள். ஒரு முனைக்கு 1 மி.மீ. என்று வந்தால் 2694-ல் வெட்டுங்கள். வெல்டர் மாறினால் மறுபடி இரண்டு துண்டாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

சந்தையில் குழாய் பெரும்பாலும் 6 மீட்டராக வரும். 2694 என்றால் ஒரு குழாயில் இரண்டு, மிச்சம் 600 சொச்சம் வீண். கட்டங்களின் அளவைத் தீர்மானிக்கும் நாளிலேயே இதைச் சொல்லிவிட்டால் நல்லது. டிராயிங் ஒப்புதலான பிறகு சொல்லிப் பயனில்லை. மிச்சத் துண்டுகளை ஒட்டி ஒரு மெம்பர் செய்யலாமா என்று யாராவது கேட்பார்கள். பி.இ. கையெழுத்து இல்லாமல் வேண்டாம்.

இனி அளக்கும் கருவி. உங்கள் டேப்பை இழுத்து அதன் தொடக்கத்தில் உள்ள சின்ன எழுத்துகளைப் பாருங்கள். ரோமன் எண்ணில் இரண்டு என்று அச்சடித்திருந்தால் அது இரண்டாம் வகுப்பு டேப். 3 மீட்டரில் 0.9 மி.மீ. வரை தப்பாக இருக்க அதற்கு அனுமதி உண்டு. முதல் வகுப்பு டேப்புக்கு 0.4. ஸ்பேஸ் ஃபிரேம் மெம்பருக்கு நாம் விட்டுக்கொடுப்பது கூட்டியோ குறைத்தோ 1 மி.மீ. அப்படியானால் கடையில் வாங்கிய புத்தம் புது டேப்பே உங்கள் பங்கைத் தின்றுவிடும். தரச்சோதனை செய்த ஒரே ஒரு டேப்பை வேலை முழுக்க வைத்துக்கொள்ளுங்கள். பந்து செய்பவர், கோன் செய்பவர், சைட் சர்வேயர் எல்லாரும் அதோடு ஒப்பிட்ட டேப்பையே பயன்படுத்தட்டும்.

வெயிலையும் கணக்கில் எடுங்கள். எஃகு ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 12 பங்கு நீளும். மதியம் 2 மணிக்குத் திறந்த யார்டில் கிடக்கும் பிரைமர் அடித்த குழாயைத் தொட்டால் கை சுடும். நிழலில் உள்ளதைவிட 20 டிகிரி கூடுதல் என்று வைத்தாலே 3 மீட்டருக்கு 0.7 மி.மீ. டூல்பாக்ஸிலிருந்து எடுத்த குளிர்ந்த டேப்பால் அதை அளந்தால் சரியான மெம்பர் நீளமாகத் தெரியும். காலையிலேயே அளங்கள், இல்லை கூரைக்கு அடியில் இரண்டு மணி நேரம் கிடத்திவிட்டு அளங்கள்.

வெட்டும் மெஷினில் ஸ்டாப்பர் என்று ஒரு தடுப்பு இருக்கும். குழாயின் முனை அதில் முட்டும், பிளேடு இறங்கும். என் ஆரம்ப காலத்தில் ஒரு யார்டில் அந்த ஸ்டாப்பரின் போல்ட் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருந்தது. காலையில் முதல் துண்டை அளந்தேன், சரியாக இருந்தது. அதற்கு மேல் அளக்கவில்லை. சாயங்காலம் வரை வெட்டிய 46 துண்டுகளில் கடைசியாக வெட்டியவை 2 மி.மீ. கூடுதல். வெல்டு ஆகி, பெயிண்ட் ஆகி, சைட்டுக்குப் போய்விட்டன. ஒவ்வொரு முறை குழாய் முட்டும்போதும் ‘டக்’ என்று கேட்கும் அந்தச் சத்தம் மதியத்துக்கு மேல் மாறியிருந்தது; கேட்டேன், பொருட்படுத்தவில்லை. சைட்டில் ஏறாத மெம்பரை இரண்டு பேர் நெம்பிக்கொண்டிருந்தார்கள். புதுக்கோட்டைக்காரரான போர்மென் அண்ணன் கீழிருந்து கத்தினார்: “தம்பி, ஏறாத மெம்பரை ஏத்தாதே. இறக்கு. நூலு புடிச்சுப் பாரு.” ஏற்கெனவே நெம்பி ஏற்றிய ஒன்றின் இரண்டு முனைக்கும் நூல் பிடித்துப் பார்த்தோம். நடுவில் நூலுக்கும் குழாய்க்கும் இடையே என் சுண்டுவிரல் நுழைந்தது. அந்த வளைவு இன்றும் கண்ணில் நிற்கிறது.

அன்றிலிருந்து என் வழக்கம்: ஒவ்வொரு பத்தாவது துண்டையும் அளப்பது, சாப்பாட்டுக்குப் போய் வந்ததும் ஸ்டாப்பரைச் சரிபார்ப்பது. இங்கொன்று நீளம், அங்கொன்று குட்டை என்றால் வரிசையில் ஒன்றையொன்று ஓரளவு சமன் செய்துகொள்ளும். எல்லாத் துண்டும் ஒரே பக்கமாகத் தப்பினால் சமனாகாது: 0.5 மி.மீ. என்றாலும் 20 கட்டத்தில் 10 மி.மீ. வந்து நிற்கும். தூணின் தலையில் போட்ட துளை அதற்குக் காத்திருக்காது.

கோன், போல்ட், வெல்டிங்

வெல்டு பிடிக்கும் முன் போல்ட்டைக் கோனுக்குள் போடுங்கள். இதைத் தனி வரியாக, மெம்பரைப் பிடித்து வைக்கும் சட்டமான ஜிக்கின் மேலேயே எழுதி வைக்கலாம். இந்த வகை மெம்பரில் போல்ட்டின் தலை குழாய்க்குள்ளே இருக்கும், உடம்பு கோனின் துளை வழியே வெளியே வரும். கோனை ஒட்டிய பிறகு போல்ட் நுழைய வழியே கிடையாது. மறந்தால் அந்த முனையை அறுத்து எடுக்க வேண்டும். அறுத்தால் நீளம் போய்விடும்.

இழுவை வந்தால் அதைச் சுமப்பது போல்ட். அமுக்கம் வந்தால் போல்ட்டுக்கு வேலையே இல்லை. கோன் ஸ்லீவை அமுக்க, ஸ்லீவ் பந்தை அமுக்கும். ஆகவே ஸ்லீவின் இரண்டு முகமும் தட்டையாக, அச்சுக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். இழுவையில் சங்கிலியின் மெலிந்த கண்ணி எது என்றும் பாருங்கள்: நம் 76.1 குழாய் 260 கிலோநியூட்டன் இழுக்கும், ஆனால் 10.9 தர எம்20 போல்ட் யூரோகோடு கணக்கில் 176-தான். குழாயைப் பெரிதாக்கி போல்ட்டை விட்டுவிட்டால் பலம் கூடவில்லை என்று பொருள்.

10.9 போல்ட் சூடேற்றிப் பதப்படுத்திய எஃகு. வெல்டு சூடு அதிகம் ஏறினால் அந்தப் பதம் கெடும். போல்ட்டை முடிந்த அளவு வெளியே இழுத்து வைத்து, மரைக்கு மேல் தொப்பி போட்டுவிட்டு வெல்டு பண்ணுங்கள். மெம்பரை ஜிக்கில் வைத்து முதலில் மூன்று இடத்தில், சம தூரத்தில் டேக் (சின்னப் பொட்டு வெல்டு). பிறகு உருளைகளின் மேல் சுற்றிக்கொண்டே வெல்டு. ஒரு முனையை முழுக்க முடித்துவிட்டு மறுமுனைக்குப் போகும்போது தொடங்கும் இடத்தை எதிர்ப்பக்கம் வைத்தால் குழாய் ஒரே பக்கமாக வளையாது. காற்றடிக்கும் இடத்தில் மிக் வெல்டிங் வேண்டாம்; கேஸ் கலைந்து வெல்டுக்குள் ஓட்டைகள் விழும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டாமல் தொடங்கவே கூடாது.

வெல்டருக்கு அந்த விட்டத்துக்கும் கனத்துக்கும் செல்லுபடியாகும் டெஸ்ட் சர்டிபிகேட் இருக்க வேண்டும். தட்டில் டெஸ்ட் எழுதியவர் சின்னக் குழாயில் தானாகவே தகுதி பெற மாட்டார். வெல்டு ஆனதும் கண்ணால் முழுக்கப் பாருங்கள், பிறகு ஒப்பந்தம் சொல்லும் அளவுக்கு என்டிடி (வெல்டைச் சேதப்படுத்தாமல் செய்யும் சோதனை). இழுவை மெம்பர்களை முதலில் அனுப்புங்கள்.

பெயிண்ட் அடிக்கும் முன்

சிங்கப்பூரில் கடல் எந்த யார்டுக்கும் தூரமில்லை. மணல் ஊதி முகத்தை வெள்ளி மாதிரி வெளுத்த பிறகு ஈரக்காற்றில் சில மணி நேரம் விட்டாலே பழுப்பு ஏறிவிடும். ஊதிய அன்றே பிரைமர். காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும், எஃகின் சூடு, காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் பனிநிலையைவிட 3 டிகிரியாவது மேலே இல்லாவிட்டாலும் அடிக்கக் கூடாது. விடிகாலையில் இங்கே அது கிடைப்பது அரிது, சூரியன் ஏறட்டும்.

ஜிங்க் குளியலில் முக்கலாமா என்று வாடிக்கையாளர் கேட்பார். இரண்டு பக்கமும் மூடிய குழாயைக் காற்றுத் துளை இல்லாமல் 450 டிகிரி ஜிங்கில் முக்கினால் உள்ளே உள்ள ஈரம் ஆவியாகி வெடிக்கும். ஆட்கள் செத்துப்போகும் விபத்து இது. துளை போட்டால்? அமிலம் உள்ளே புகுந்து, ஏற்கெனவே போட்டு வைத்த 10.9 போல்ட்டைத் தொடும். அந்தத் தர எஃகு அமிலத்திலிருந்து ஹைட்ரஜனை உறிஞ்சி, பின்னால் முன்னறிவிப்பு இல்லாமல் ஒடியலாம். ஆகவே போல்ட் உள்ளே இருக்கும் மெம்பருக்கு ஜிங்க் கலந்த பிரைமரும் அதன் மேல் பெயிண்டும் என்பதே என் முடிவு. ஸ்லீவ் முகத்திலும் பந்தின் சீவிய முகத்திலும் தடித்த பெயிண்ட் ஏறாமல் டேப் ஒட்டுங்கள். அங்கே ஏறும் ஒவ்வொரு பூச்சும் நீளத்தில் சேரும்.

கோத்துப் பார்ப்பதும் ஏற்றுவதும்

முதல் லாரி கிளம்பும் முன் யார்டிலேயே 3-க்கு 3 கட்டமாவது கோத்துப் பாருங்கள். கையால் திருகும்போதே எல்லா ஸ்லீவும் ஓட வேண்டும். கடைசி மெம்பர் நெம்பாமல் தட்டாமல் தன் இடத்தில் உட்கார வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து ஒப்பிடுங்கள். இதற்கு ஒரு நாள் போகும். சைட்டில் கிரேனை நிறுத்தி வைத்துக்கொண்டு தேடும் ஒரு நாளைவிட மலிவு.

1989-இல் திறந்த சிங்கப்பூர் உள்விளையாட்டு அரங்கத்தின் கூரையும் ஸ்பேஸ் ஃபிரேம்தான். ஜப்பானியப் பொறியாளர் மமோரு கவாகுச்சியின் முறைப்படி, தரைக்குப் பக்கத்தில் மடித்த நிலையில் கோத்து, பிறகு மேலே தள்ளி நிமிர்த்தினார்கள். வேலையில் பெரும்பகுதி தாழ்வாக நடந்தால் அளவையும் சரிபார்க்கலாம், ஆளும் விழ மாட்டான். நம் வேலை சின்னதாக இருந்தாலும் முடிந்த அளவு தரையில் கோத்துத் தூக்குவதையே கேளுங்கள். 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள வேலைக்கு இங்கே பெர்மிட் இல்லாமல் ஏறவே கூடாது, அது சட்டம்.

கோத்த பிறகு ஒவ்வொரு ஸ்லீவிலும் உள்ள சின்னப் பின்னைப் பாருங்கள். ஸ்லீவைத் திருப்பும்போது இந்தப் பின்தான் போல்ட்டைச் சேர்த்துத் திருப்புகிறது. போல்ட் பந்துக்குள் போகப் போக அதன் உடம்பில் உள்ள பள்ளம் பின்னுக்கு அடியில் நகரும். போல்ட் முழுக்க ஏறினால்தான் பள்ளத்தின் ஆழமான கோடி பின்னுக்கு நேரே வரும், பின்னை உள்ளே திருகி இறக்க முடியும். இறங்கவில்லை என்றால் வெளியில் ஸ்லீவ் எவ்வளவு இறுக்கமாகத் தெரிந்தாலும் போல்ட் பாதியில் நிற்கிறது. இழுவை வந்தால் நாலு மரை மட்டும்தான் பிடித்திருக்கும். மலேசியாவின் திரங்கானுவில் 2008-இல் திறந்த விளையாட்டரங்கின் ஸ்பேஸ் ஃபிரேம் கூரை 2009 ஜூன் 2 அன்று சரிந்தபோது, விசாரணையில் வடிவமைப்புக் குறையோடு, கோத்ததில் வந்த வடிவப் பிசகும் வேலைத்தரமும் பேசப்பட்டன. ஒரு ராத்திரி பஸ் பயண தூரத்தில் நடந்தது அது.

பின்னை இறக்க முடியாத மெம்பரின் எண்ணைச் சுண்ணாம்புக்கட்டியால் பந்தின் மேலேயே எழுதுங்கள். நீண்ட ஸ்பேனர் போட்டு இறுக்காதீர்கள். அந்த மெம்பரைக் கழற்றி, நிழலில் வைத்து, தரச்சோதனை செய்த டேப்பால் அளந்து, எத்தனை மி.மீ. கூடுதல் என்று யார்டுக்குப் போன் பண்ணிச் சொல்லுங்கள். அதே வெட்டில் அதற்கு முன்னும் பின்னும் வந்த துண்டுகள் எவை என்று வெட்டுப் பட்டியலில் பார்த்து, அவையும் ஏறியிருந்தால் அவற்றுக்கும் நூல் பிடியுங்கள்.